இங்கே ஒரு சாய்தளம் இருந்தது

என் நாற்காலிக்கு வாய் உண்டு. என்னைவிடக் குறைவாகத்தான் பேசும். ஆனால் அது பேசினால் அரசாங்கமே நம்பும். நான் பேசினால் நம்ப ஆள் கிடையாது. இத்தனைக்கும் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் பேசித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். திருச்செந்தூர் வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நான் சொன்னால், நாலு பேர் அதைக் கேட்டுவிட்டு நடத்துநரிடமும் ஒருமுறை விசாரித்துக்கொள்வார்கள்.

கல்யாணமான மறுவருஷம் ஒரு வேன் விபத்தில் என் இடுப்புக்குக் கீழே எல்லாம் செயலற்றுப் போயிற்று. கைத்தள்ளு வண்டியிலேயே வெகுகாலம் ஓட்டினேன். பிறகு அரசாங்கம் இந்தப் பேசும் நாற்காலியைக் கொடுத்தது. மின்கலம், விசை, கண், காது எல்லாம் வைத்தது. அதற்குள் 'வழித்துணை' இருந்தது.

வழித்துணை தெரியாதவர்கள் இப்போது இருக்கமாட்டார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புதுவகைக் கைபேசி வைத்திருப்பவர் தெருவில் நடந்தால், அது சட்டைப்பையில் கிடந்தபடியே அவர் ஏறும் படியையும் இறங்கும் சரிவையும் தாண்டும் பள்ளத்தையும் அளந்து அனுப்பிவிடும். எங்கள் நாற்காலிகளும் அப்படியே அனுப்பும். இப்படி லட்சக்கணக்கான பேர் நடந்து நடந்தே, நடக்க முடியாதவர்களுக்கு ஒரு வரைபடம் உண்டாக்கிவிட்டார்கள். சக்கரம் போகும் பாதை பச்சை. போகாத பாதை சிவப்பு. யாருமே தகவல் தராத பாதை சாம்பல். எங்கே சிவப்பு தெரிகிறதோ அங்கே நகராட்சி ஆள் அனுப்பிச் சாய்தளம் கட்டும். நல்ல மனசோடு செய்த காரியம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

எங்கள் மீனவர் பேட்டையான சுண்ணாம்புத்துறை முழுக்கச் சாம்பல். எங்கள் ஆட்கள் நடக்காமல் இல்லை. விடிந்தால் அடைந்தால் நடைதான். ஆனால் அவர்கள் மடியில் இருந்த கைபேசிகளில் வழித்துணை ஏறாது. பேசவும் பாட்டுக் கேட்கவும் ஆகும் கைபேசிகள் அவை. அதனால் எங்கள் நடை யார் கணக்கிலும் வரவில்லை.

துறைக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. பெரிய வெள்ளம் வந்துபோன பிறகு கட்டியது. கடல் வந்தால் எங்களோடு நின்றுகொள்ளட்டும், நகரத்துக்குள் போக வேண்டாம் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் படியேறி உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் படியிறங்க வேண்டும். சாய்தளம் 'அடுத்த கட்டத்தில்' என்றார்கள். எங்கள் பேட்டையில் பிறந்த பிள்ளைகள் அந்த அடுத்த கட்டத்தைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கினால் ஹார்பர் கார்டன் அடுக்குமாடிகள். அங்கே ரொட்டிக்கடை வாசலில் கிடக்கும் மிதியடியின் உயரம்வரை வழித்துணைக்குத் தெரியும்.

என்னைச் சுவர் தாண்ட வைத்தது நாலு பேர். என் வீட்டுக்காரர் கஸ்பார், அவருடைய கூட்டாளிகள் தொம்மை, இஞ்ஞாசி, மிக்கேல். காலையில் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் விடுவார்கள். சாயங்காலம் வந்து தூக்கி வருவார்கள். நாலு பேரும் மாதா திருநாளில் சப்பரம் சுமக்கிறவர்கள். அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் சப்பரத்தில் மாதாவின் காலடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். விளிம்புவரை எண்ணெய். கோயிலிலிருந்து கடற்கரை போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. சிந்தினால் அந்த வருஷம் கடல் ஆள் எடுக்கும் என்பார்கள். அதனால் மேடு வந்தால் முன்னால் இருப்பவர் கையைத் தாழ்த்துவார், பின்னால் இருப்பவர் தோளுக்கு ஏற்றுவார். யாருக்காவது முடியவில்லையென்றால் 'தோள்' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். பக்கத்தில் வருகிற ஆள் உடனே தன் தோளை உள்ளே நுழைப்பான். அந்தச் சொல்லைச் சொல்லாமல் யாரும் மூலையை விடக்கூடாது. கஸ்பார் வாழ்நாளில் அதைச் சொன்னதில்லை என்று பேட்டையில் பெருமையாகப் பேசுவார்கள். நானும் அந்தப் பெருமையில் பங்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

புது நாற்காலி வந்த அன்று நாலு பேரும் என்னை அப்படித்தான் தூக்கினார்கள். மின்கலத்தோடு அது நல்ல கனம். ஏறும்போது பின்மூலை, இறங்கும்போது முன்மூலை என்று பாரம் விழும் பக்கத்தையே கஸ்பார் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் இறக்கி வைத்ததும் கைப்பிடியை இரண்டு தட்டு தட்டி, "போயிட்டு வா பிள்ள" என்றார். உடனே நாற்காலி பேசியது.

"பாதை சீராக இருந்தது. நன்றி."

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள்.

ஒரு வாரத்தில் வரைபடத்தில் சுவர் இருக்கும் இடத்தில் ஒரு பச்சைக்கோடு விழுந்தது. சுண்ணாம்புத்துறையின் முதல் பச்சை. மிக்கேல் என் நாற்காலித் திரையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்ல, பேட்டையே வந்து எட்டி எட்டிப் பார்த்தது. தொம்மை எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். "மைனி, நம்மளையும் படத்துல போட்டுட்டானுவ," என்றான். நானும் இரண்டு புரோட்டா தின்றேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் கஸ்பாரின் சட்டைப்பையில் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையைக் கண்டேன்.

"இது என்னது?"

"வாயுவுக்கு."

"வாயுவுக்கு நாக்குக்கடியிலயா வைப்பாவ? யார்ட்ட கத விடுதிய?"

பிறகு சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று. நெஞ்சுக் குழாயில் அடைப்பு. கனம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"அப்ப தூக்காதிய."

"நீ வேலைக்குப் போவேண்டாமா?"

"வேற ஆளா இல்ல?"

"இருக்கான். சாச்சுப்புடுவான்."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் நெஞ்சு கைவிடுவதற்குள் அந்தச் சுவரில் சாய்தளம் வந்தாக வேண்டும்.

நகராட்சியின் வழித்துணைப் பிரிவில் சம்யுக்தா என்று ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. மரியாதையான பெண். எனக்குத் தண்ணீர் கொடுத்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்துத்தான் பேசினாள்.

"அந்தச் சுவர்ல ஏற்கனவே சாய்தளம் இருக்குங்க மேடம்."

"இல்ல. படி இருக்கு."

"உங்க நாற்காலியேதான் சொல்லுது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போயிட்டு வருது. உயரம் ஏறுது, ஆனா சாய்வே தெரியலை, குலுக்கலே இல்லை. நகரத்துலயே இவ்வளவு நல்ல சாய்தளம் ரொம்பக் கம்மி. எங்க பயிற்சியில உதாரணமாக் காட்டறோம்."

"அது சாய்தளம் இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு."

அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். சப்பரம், எண்ணெய்க் கிண்ணம், எல்லாம். சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் முகம் வாடியது.

"தூக்கினா குலுங்கும், சாயும். அதை வெச்சுத்தான் 'இது படி'ன்னு வழித்துணை கண்டுபிடிக்குது. இப்படி யாராவது தூக்குவாங்கன்னு யாரும் நினைக்கலைங்க."

"இப்ப தெரிஞ்சுட்டுல்லா. வந்து பாருங்க."

"நேர்ல வரணும்னா ஆணை வேணும். தரவுல முரண்பாடு இருந்தாத்தான் ஆணை வரும். உங்க இடத்துக்கு வேற யாருமே தரவு தரலை, உங்க நாற்காலி மட்டும்தான். அது ஒரே மாதிரி சொல்லிட்டே இருக்கு. முரண்பாடே இல்லை."

"போட்டோ எடுத்துத் தாரேன்."

"பழைய கைபேசிப் படத்துல எடுத்த இடத்தைக் காட்டற முத்திரை இருக்காதுங்க. ஏத்துக்காது. அந்தப் பக்கம் ஹார்பர் கார்டன் சாய்தளத்துல சாய்வு கொஞ்சம் கூடுதல், வண்டியில தூங்கற குழந்தை முழிச்சுக்குதுன்னு முப்பது பேர் குறை சொன்னாங்க. மறுபடியும் இடிச்சுக் கட்டினோம்." இதைச் சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு. அவங்க தூக்காம இருக்கட்டும். படிக்கு முன்னாடி நாற்காலி நின்னு திரும்பணும். நாலஞ்சு நாள் அப்படிப் பதிவானாப் போதும், நானே ஆணை வாங்கிட்டு வர்றேன்," என்றாள்.

நான் சந்தோஷமாகத் திரும்பினேன். இதைவிடச் சுலபமான காரியம் உண்டா? ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே.

முதலில் நாலு பேரும் வேறொன்றை முயன்றார்கள். வேண்டுமென்றே கோணலாகத் தூக்கிப் பார்ப்போம் என்றான் இஞ்ஞாசி. மிக்கேல் தன் மூலையைத் தாழ்த்தினான். கண்மூடித் திறப்பதற்குள் மற்ற மூன்று பேரும் தங்கள் மூலைகளைத் தாழ்த்தி மட்டமாக்கிவிட்டார்கள். "ஏல, ஆட்டுங்கல," என்று தொம்மை கத்தினான், அவன் கைதான் முதலில் சரிசெய்தது. நாற்காலி வழக்கம்போல நன்றி சொன்னது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் தூக்கவேண்டாம் என்று முடிவாயிற்று. நாலு பேரும் தேநீர்க்கடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் படிக்கு முன்னால் போய் நின்றேன். மீன்கூடையோடு வந்த செபஸ்தியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "நாலு எருமமாடு நிக்கி, ஒருத்தனுக்கும் கண்ணு தெரியலயா," என்று கத்தி, வருகிற போகிற ஆளையெல்லாம் கூப்பிட்டுத் தானும் ஒரு கை பிடித்தாள். வேண்டாம் என்று நான் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. கோணல்மாணலாக ஒரு படி ஏறியிருப்பார்கள். நாற்காலி 'ஆபத்து' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கஸ்பார் வந்து பின்மூலையில் தோளைக் கொடுத்துவிட்டார். பின்னாலேயே மற்ற மூவரும் ஓடிவந்தார்கள்.

"பாதை சீராக இருந்தது. நன்றி."

அதற்கடுத்த நாள் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்தோம். ஒருவரும் கிட்டே வரவில்லை. நான் படிக்கு முன்னால் நின்றேன். நாற்காலி, "முன்னே செல்லலாம், சாய்தளம் உள்ளது," என்றது. "போடா பொய்யா," என்றேன். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களில் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். தேநீர்க்கடைத் தகரத்துக்கடியில் அவர் நிற்கிறார். நான் கையைக் காட்டி நில்லுங்கள் என்கிறேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கி வந்தார்.

"வராதிய, கெட்டுப்போவும்."

"நனையுத பிள்ள."

"நனைஞ்சா என்ன, கரைஞ்சா போவேன்?"

"என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது, பிலோ. கேட்டியா? வேற என்னமும் சொல்லு, செய்யுதேன்."

என்னைப் பிலோமினா என்று கூப்பிட்டாரென்றால் கோபம் என்று அர்த்தம். பிலோ என்றால் மன்றாட்டு. அதற்கு எதிராக எனக்கு ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. மூவரும் ஓடிவந்தார்கள். தூக்கினார்கள். மழையில் படி வழுக்கும், அன்றைக்கு இன்னும் கவனமாகத் தூக்கினார்கள். பச்சைக்கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

அன்றிரவு சண்டை போட்டேன். "முடியலன்னா தோள்னு ஒரு வார்த்தை சொல்லுவியளா? சத்தியம் பண்ணுங்க," என்றேன். என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவர் எனக்குச் செய்துகொடுத்து மீறிய சத்தியம் அது ஒன்றுதான்.

கொடியேற்றத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை. வெயில் நன்றாக அடித்தது. வழக்கம்போல ஏறினோம், உச்சியில் கடற்காற்று முகத்தில் பட்டது, இறங்கினோம். இறக்கத்தில் அவர் முன்மூலையில் இருந்தார், எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரி மட்டும்தான். நன்றாக வேர்த்திருந்தது. கீழே வைத்தார்கள். கைப்பிடியை இரண்டு தட்டு தட்டினார். 'போயிட்டு வா' மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கடைசிப்படியில் உட்கார்ந்தார்.

"பாதை மிகச் சீராக இருந்தது. நன்றி," என்றது நாற்காலி.

தொம்மை "யண்ணே" என்று கூப்பிட்டான். இரண்டாவது முறை கூப்பிட்ட குரலைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன். என்னால் குனிய முடியாது. அவர் கை என் கைக்கு எட்டவில்லை. மிக்கேல் அதைப் பிடித்துத் தூக்கி என் மடியில் வைத்தான்.

எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் தீரவில்லை. ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

ஒரு மாதம் வீட்டிலேயே இருந்தேன். அதற்கு மேல் இருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பட்டது. வேலைக்குப் போகிறேன் என்றேன். நாலாவது மூலைக்கு ஜெரோம் வந்தான். லாரி ஓட்டுகிற பையன், நல்ல பலசாலி, ஆனால் சப்பரம் தொட்டவன் இல்லை. மூன்று பேரும் எவ்வளவோ பார்த்தார்கள். நடுப்படியில் அவன் மூலை சரிந்தது. நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"தடை. தடை. ஆபத்தான சாய்வு," என்று நாற்காலி அலறியது.

எத்தனை நாள் அந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தேன். அன்றைக்குக் கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் பச்சைக்கோடு சிவப்பாயிற்று. திரையில் அறிவிப்பு வந்தது: 'உங்கள் பாதையில் புதிய தடை கண்டறியப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

சம்யுக்தா ஆணையோடு வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி இறங்கி வந்து, என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"முரண்பாடு வந்துருச்சுங்க மேடம். ஒரே ஒரு கேள்விதான். போன மாசம் வரைக்கும் இங்க ஒரு சாய்தளம் இருந்ததாத் தரவு சொல்லுது. ஒரு வியாழக்கிழமையோட நின்னுருச்சு. அது என்ன ஆச்சு, யார் இடிச்சாங்கன்னு மேலே கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? நாம முன்னாடி பேசினதை அவங்ககிட்டச் சொல்லிப் புரிய வெக்க முடியலை." திரும்பித் தேநீர்க்கடையைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் எங்கீங்க?"

தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டான். இஞ்ஞாசி படியில் உட்கார்ந்தான். நான்தான் பதில் சொன்னேன்.

"இடிக்கலம்மா. விழுந்துட்டு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த தொடுதிரைப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரணம்னு இதுல மூணுதான் இருக்குங்க. வாகனம் மோதல், சமூக விரோதிகள், இயற்கைச் சீற்றம்," என்றாள்.

"மூணாவதப் போடுங்க," என்றேன்.

வேலை வேகமாக நடந்தது. சிவப்பு விழுந்துவிட்டால் அவர்கள் நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். சிமெண்டில் நீளமாக வளைந்து ஏறும் சாய்தளம், இரண்டு பக்கமும் கம்பி. திறந்த அன்று பேட்டை முழுக்க வந்து நின்றது. மூன்று பேரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், பழக்கதோஷம். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கைகளைத் தொங்கவிட்டு நின்றார்கள். அவர்களைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

விசையை அழுத்தினேன். யாரும் தொடாமல் ஏறினேன். கல்யாணமான மறுவருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தனியாக உச்சிக்குப் போனேன். கடல் தெரிந்தது. அந்தப் பக்கம் இறங்கி, வழக்கமாக வைக்கும் இடத்தில் நிறுத்தினேன். கைப்பிடியை யாரும் தட்டவில்லை.

நாற்காலி கொஞ்சம் தாமதித்துத்தான் பேசியது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கும்.

"பாதை ஏற்கத்தக்கது. ஆனால் முன்பு இங்கிருந்த சாய்தளத்தைவிடக் குலுக்கல் அதிகம். குறை பதிவு செய்ய விரும்புகிறீர்களா?"

பேருந்து நிலையத்தில் முதல் வண்டிக்கு நேரமாகியிருந்தது. "வேண்டாம்," என்றேன். அது கேட்டுக்கொண்டது. நான் சொன்னதை அது நம்பியது அன்றைக்குத்தான்.